கோமளாம்பிகை விளக்கு வைக்காத வீடு

ருவான்வெல்லை பஸ் தங்கம்மாவைத் தோட்டத்துச் சந்தியில் இறக்கிவிட்டுப் போனபோது மழை இன்னும் தொடங்கவில்லை. மலைப்பக்கம் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த சொப்பிங் பையை அவள் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே, பழைய சீலைத் துணியில் சுற்றி, மகளுடைய போன் இருந்தது.

சந்தியிலிருந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு, றப்பர் மரங்களுக்கு நடுவே ஏறிப் போக வேண்டும். வெளியே நல்ல வெளிச்சம் இருந்தாலும் றப்பருக்குள் நுழைந்தால் பொழுது சாய்ந்த மாதிரிதான். காலையில் பால் எடுத்து முடித்த மரங்களில் சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. காய்ந்த இலைமேல் தன் காலடிச் சத்தத்தைத் தானே கேட்டபடி ஏறினாள். இந்தப் பாதையில் அவளுக்குப் பயம் என்று ஒன்று இருந்ததில்லை. சின்ன வயதிலேயே பால் வெட்டக் கத்தி பிடித்தவள்; பாம்பும் பன்றியும் பார்த்தவள். புருஷன் கன்னையா நெஞ்சு வலியில் போனான். போன வருசம் மகள் சுகந்தினியும் போனாள். இனி என்னத்துக்குப் பயப்படுவது.

அன்றைக்கும் இதே மாதிரி மலை கறுத்திருந்தது. வெட்டிய பாலில் மழைத் தண்ணீர் விழுந்தால் காலையிலிருந்து பட்ட பாடு அத்தனையும் வீண். தங்கம்மாவுக்குக் கால் சுளுக்கு. "ஓடிப் போயி ஓடைக்கு அங்கிட்டு இருக்கிற வாளிய மட்டும் தூக்கிட்டு வந்துரு புள்ள," என்று மகளை அனுப்பியவள் அவள்தான். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் இருந்த பிள்ளை. ஓடைக்குக் குறுக்கே கிடந்த பலகையும் போனது, பிள்ளையும் போனாள். பெரிய பாறைக்குக் கீழே எடுத்தார்கள். ஒரு காலில் நீலச் செருப்பு இருந்தது. மற்றக் கால் செருப்பு கிடைக்கவே இல்லை.

புதைத்துவிட்டு வந்த அன்று தங்கம்மா மாரியம்மன் படத்தையும் குத்துவிளக்கையும் எடுத்துக்கொண்டு போய் அதே ஓடையில் வீசினாள். "இதையும் நீயே வச்சுக்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு லயத்தில் அவள் வீடான அந்தக் காம்பராவில் யாரும் விளக்கு வைக்கவில்லை.

மகள் போய் ஒரு வருசம் நெருங்கியதால் சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. மகளின் போன் பெட்டரி வீங்கிச் செத்துக் கிடந்தது. பஸாரில் போன் திருத்தும் நஸீமிடம் கொடுத்திருந்தாள். இன்றைக்குத்தான் உயிர் வந்தது.

"தங்கம்மாக்கா, படம் ரெண்டு மூணுதான் ஈக்கி," என்றான் நஸீம். "எல்லாம் மரமும் மேகமும். புள்ள தன்னைய எடுத்துக்கவே இல்ல. ஆனா வேற ஒண்டு ஈக்கி. கதை எழுதுற எப் ஒண்டு. அதுல நெறைய எழுதிப் போட்டு ஈக்கி."

"என்னா கதை தம்பி?"

"எட்டு மணி நாடகத்துல வந்தாளே கோமளாம்பிகை, அவளப் பத்தி. நாடகத்துல சொல்லாத கதைய இவங்களே சொந்தமா எழுதுறது. இப்ப புள்ளைகளுக்கு அது ஒரு பைத்தியம். நல்லா இருந்தா ஊரே வாசிக்கும்."

"இத எத்தன பேரு வாசிச்சாங்க?"

நஸீம் போனைப் பார்த்தான். பிறகு அதைத் துணியால் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஒத்தரும் இல்லக்கா."

கோமளாம்பிகையைத் தங்கம்மாவுக்கு மறக்குமா. அந்த நாடகத்தின் மாமியார்க்காரி. மருமகள் குடிக்கும் பாலில் விஷம் கலந்தவள், குடியிருந்த வீட்டுக்கே நெருப்பு வைத்தவள். அவள் முகம் டீவியில் வந்தாலே தங்கம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் திட்டுவாள். "நாசமா போறவ, இவளுக்கு ஒரு சாவு வருதா பாரு." சுகந்தினி மட்டும் சிரிப்பாள். "அவ ஏன் விளக்கு வைக்கிறதே இல்லன்னு யோசிச்சீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் தங்கம்மா திட்டித்தான் பதில் சொன்னாள்.

லயத்துத் தண்ணீர்ப் பீலியில் பக்கத்துக் காம்பரா செலினா வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பஸாருக்குப் போயிட்டு வெறுங்கையோட வாறீங்க? மீன் வச்ச மாலு பணிஸாவது வாங்கியிருக்கலாமே."

"ஒனக்கு வேற வேல இல்ல."

செலினா வாளியைக் கீழே வைத்தாள். குரல் இறங்கியது. "கோவிச்சுக்காதீங்க. வெளிச்சம் மங்குற நேரத்துல ஒங்க முன்வாசல் இஸ்தோப்புல யாரோ நிக்கிற மாதிரி இருக்குன்னு முந்தியே சொன்னேன். நேத்தும் பாத்தேன். நாயோ மனுசனோ, ஈரக்கால் வச்சிருக்கு. மாதாவுக்கு ஒரு மெழுகுதிரியாச்சும் கொளுத்துங்களேன். எங்க மாதாவா ஒங்க ஆத்தாவான்னு நான் கேக்க மாட்டேன்."

"ரொபர்ட்டு குடிச்சிட்டு வந்து நின்னிருப்பான்."

"அந்த மனுசன் நின்னா அனுமானமே இல்ல, பாட்டுல தெரிஞ்சுரும்," என்றாள் செலினா. ரொபர்ட் அவள் புருஷன்.

தங்கம்மா சிரிக்காமல் தன் காம்பராவுக்குப் போனாள். முன்கதவைத் திறந்து உள்ளே போய்த் திரும்பவும் தாழ் போட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள், ஜெபம் செய்ய வந்தவர்கள், பரிகாரம் சொல்ல வந்தவர்கள் என்று வாசல் ஓயாமல் இருந்ததில் வந்த பழக்கம் அது. பிறகு பின்னால் அடுப்படிக்குப் போய்ப் பின்கதவை விரியத் திறந்து வைத்தாள். விறகுப் புகை போக வேண்டும். இந்த வருசம் முழுக்க இப்படித்தான்.

தோட்டத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் அந்தி நேரத்தில் இதற்கு மாறாகத்தான் செய்வாள். விளக்கு வைக்கும்போது பின்கதவைச் சாத்து, முன்கதவைத் திற. தங்கம்மாவும் அப்படிச் செய்து வந்தவள்தான். விளக்கே இல்லாத வீட்டில் கதவுக்கு என்ன சட்டம் என்று விட்டுவிட்டாள்.

சோறு ஆக்கி, கருவாடு சுட்டு, இரண்டு தட்டில் போட்டாள். ஒன்றை அடுப்படி மூலையில், மணைக்கட்டைக்கு முன்னால் வைத்தாள்.

இதை அவள் செலினாவிடம்கூடச் சொன்னதில்லை.

மகள் போன மறுமாதம் ஒரு அந்தியில்தான் அது தொடங்கியது. முன்னறையில் சுருண்டு படுத்திருந்தவளுக்கு அடுப்படியில் மணைக்கட்டை இழுபடும் சத்தம் கேட்டது. சுகந்தினி அப்படித்தான் இழுத்து உட்காருவாள். எழுந்து போய்ப் பார்த்தாள், ஒருவரும் இல்லை. மறுநாள் சோறு வைத்தாள். விடியும்போது தட்டு நக்கினாற்போல் சுத்தமாக இருந்தது. பெருச்சாளியாக இருக்கலாம் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு தூங்கினாள். அதற்குப் பிறகு தினமும் முன்னறையில் படுத்தபடி அடுப்படிப் பக்கம் பேசுவாள். யார் மரத்தில் பால் குறைந்தது, கணக்கப்பிள்ளை என்ன சொன்னான், செலினா என்ன சமைத்தாள். பதில் வராது. கேட்டுக்கொண்டிருக்கிறது என்று மட்டும் தெரியும்.

ஒரு நாற்றம் வரும். மரத்திலேயே உறைந்து நாள்பட்ட ஒட்டுப்பால் மூட்டையைத் திறந்த நாற்றம். பால் வெட்டுகிறவள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாடை இருக்காதா என்று நினைத்துக்கொள்வாள்.

மழை தொடங்கியது. கரண்ட் போனது.

தங்கம்மா கட்டிலில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். நஸீம் காட்டிக்கொடுத்த இடத்தில் விரலை வைத்தாள். 'கோமளாம்பிகையின் சாமி' என்று தலைப்பு. எழுதிய தேதி, சுகந்தினி போவதற்கு ஒரு மாதம் முந்தியது. கீழே, வாசித்தவர்கள் என்ற இடத்தில் ஒரு பூச்சியம். அதற்கும் கீழே ஒரே ஒரு கருத்து. எழுதியவளே எழுதியது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

தங்கம்மா அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளை இந்த அறையில், இதே கட்டிலில், பக்கத்தில் தாய் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, இதைக் கேட்டிருக்கிறாள்.

எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள்.

'கோமளாம்பிகை நிற்கும் இடத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு மாடம் தெரியும். அதில் விளக்கு இல்லை. அவளைத் திட்டுகிறவர்கள் யாரும் அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.'

கதையில் கோமளாம்பிகை இளம்பெண்ணாக இருந்தாள். தீ மிதித்தாள், பால்குடம் எடுத்தாள், பிள்ளை வரம் கேட்டு ஈரச் சீலையோடு கோயிலைச் சுற்றினாள். பிள்ளை பிறந்தது. வளர்ந்தது. தண்ணீரில் போனது.

'சாமி இல்லை என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. இல்லாத ஒருவரோடு இத்தனை காலம் கோபமாக இருக்க முடியாது. இருக்கிறது, என் பக்கம் திரும்பவில்லை என்றுதான் சொன்னாள். விளக்கைத் தூக்கித் தண்ணீரில் போட்டாள்.'

தங்கம்மா நிறுத்தினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தாள்.

'விளக்கு சாமிக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சாமிக்கு இருட்டிலும் கண் தெரியும். விளக்கு, வீட்டுக்கு வரும் வழி மறந்தவர்களுக்கு. தண்ணீரில் போனவர்களுக்கு எல்லா வாசலும் ஒன்று போல் இருக்கும். கோமளாம்பிகையின் மகள் தினமும் அந்தியில் வந்தாள். இது என் வீடுதானா என்று தெரியாமல் இருட்டு வாசலில் நின்று கேட்டாள். உள்ளே இருந்து பதில் வரவில்லை. முன்கதவு சாத்தியிருந்தது.'

அடுத்த வரி.

'பின்கதவு திறந்திருந்தது. அதன் வழியாக வேறொன்று வந்து, மகளுக்கு வைத்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தது.'

அடுப்படியில் தட்டுச் சத்தம் நின்றது.

அதுவரை அங்கே தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததே தங்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மழைக்குள் வேறொரு சத்தம் வந்தது. வெளியே, இஸ்தோப்பில். ஒரு கால் வெறும் காலாகவும், ஒரு கால் ஈரச் செருப்பாகவும் நடந்து வருகிற சத்தம். சளக். பிறகு ஒன்றுமில்லை. சளக். பிறகு ஒன்றுமில்லை. அவள் கதவுக்கு வெளியே அது நின்றது.

தினமும் கேட்ட சத்தம்தான். கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று தினமும் நினைத்திருக்கிறாள்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

மெல்லிய குரல். தெரியாத வீட்டு வாசலில் நின்று கேட்கிற மரியாதையோடு.

 ஓடிப்போய்க் கதவைத் திறக்கத்தான் தங்கம்மா எழுந்தாள். பிள்ளை எழுதியது காலைப் பிடித்தது. முதலில் விளக்கு. ஓடையில் போட்ட விளக்குக்கு எங்கே போவது? கட்டிலுக்கு அடியில் கழுவி அடுக்கிய பால் சிரட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்தாள். மகளின் பழைய சட்டை ஓரத்தைக் கிழித்துத் திரி திரித்தாள்.

எண்ணெயும் தீப்பெட்டியும் அடுப்படியில் இருந்தன.

உள்ளே இறங்கியதும் ஒட்டுப்பால் நாற்றம் முகத்தில் அடித்தது. அடுப்பு அவிந்திருந்தது. மூலைப் பக்கம் பார்க்காமல் சுவர்த் தட்டில் கையை விட்டுத் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். தீப்பெட்டியை எடுத்தாள். பின்கதவைப் பிடித்தாள்.

"கதவச் சாத்தாதீங்கம்மா."

மூலையிலிருந்து வந்தது. சுகந்தினியின் குரல். அதே இழுவை, அதே சளி பிடித்த மூக்கு.

தங்கம்மாவின் கை கதவிலேயே நின்றுவிட்டது. வருசம் முழுக்கச் சோறு போட்டு, பேச்சுக் கொடுத்து, இந்தக் குரலைத்தானே கேட்கக் காத்திருந்தாள். இதைச் சாத்தி, அது பிள்ளையாகவே இருந்துவிட்டால்? பெற்ற பிள்ளையை இரண்டாம் முறையும் அனுப்பியவள் ஆவாளே.

அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. சுகந்தினிக்கு ஒட்டுப்பால் வாடை ஆகாது. பாலுக்குப் போய் வந்த நாளெல்லாம் தோல் உரியும்வரை சவர்க்காரம் போடுவாள்.

"புள்ள," என்றாள் தங்கம்மா, இருட்டைப் பார்க்காமல். "நீ கோமளாம்பிகைக்கு ஒரு கதை எழுதினியே. அவ யாரு? சொல்லு பாப்பம்."



"நாசமா போறவ," என்றது அது. "இவளுக்கு ஒரு சாவு வருதா பாரு."

இப்போது அது தங்கம்மாவின் குரல். இந்த வீட்டுக்குள் யாராவது வாய்விட்டுச் சொன்னதை மட்டுமே அது தெரிந்து வைத்திருந்தது.

பின்கதவை அடித்துச் சாத்தித் தாழைப் போட்டாள்.

போட்ட பிறகுதான் புத்தி வந்தது. உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டாள்.

முன்னறைக்கு ஓடினாள். இரண்டு குச்சி நனைந்து போயிற்று; மூன்றாவது பற்றியது. சிரட்டைக்குள் திரி புகைந்து பிறகு எரிந்தது. முன்கதவைத் திறந்தாள்.

இஸ்தோப்பு வெறுமையாக இருந்தது. ஈரச் சுவடு மட்டும். ஒரு வெறும் பாதம், ஒரு செருப்புத் தடம். வந்து நின்று, திரும்பி, லயத்து ஓரமாகப் போயிருந்தது.

"சுகந்தினி..." என்று கூப்பிட வாயெடுத்தாள்.

அதற்கு முன்னால் பின்னால் அடுப்படியிலிருந்து அவளுடைய குரலே கூப்பிட்டது. "இருக்கேன் புள்ள. பின்னால வா."

லயத்து முடிவில் அந்த நடை நின்றது. சளக். பின்பக்கம் திரும்பியது.

தங்கம்மா கத்தினால் அதுவும் கத்தும். நான்தான் அம்மா என்று சொல்ல அவளிடம் இருந்த எல்லாச் சொல்லும் அதனிடமும் இருந்தது. இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லாத சொல் ஒன்று வேண்டும். கட்டிலில் விட்டுப்போன போன் இன்னும் வெளிச்சமாக இருந்தது; எடுத்துக்கொண்டாள்.

வாசலில் உட்கார்ந்தாள். சிரட்டையைப் படியில் வைத்தாள். வாய்விட்டு வாசித்தாள்.

"கோமளாம்பிகை நிற்கும் இடத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு மாடம் தெரியும்..."

அடுப்படி சட்டென்று அடங்கியது.

அவள் தடுக்கித் தடுக்கி, எழுத்துக் கூட்டி, அழுகைக்கு நடுவே வாசித்தாள். தீ மிதித்ததை வாசித்தாள். சாமியோடு கோபித்ததை வாசித்தாள். வழி மறந்தவர்களை வாசித்தபோது அந்த நடை திரும்பி வந்தது. மெதுவாக. எழுதியவள் தன் எழுத்தை வேறொருவர் வாயில் முதல்முறை கேட்கிற மாதிரி, ஒவ்வொரு காம்பரா வாசலிலும் நின்று நின்று வந்தது.

விளக்கின் சுடர் வீட்டுப் பக்கம் சாய்ந்தது.

சவர்க்கார வாசம் அவளைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது.

தங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் இருக்காது என்று பயம். "வாசிச்சிட்டேன் புள்ள," என்றாள். "நல்லாத்தான் எழுதியிருக்க." 

விடிந்தபோது சிரட்டை கருகிக் கிடந்தது. படிக்குக் கீழே, வீட்டைப் பார்த்தபடி, ஒற்றை நீலச் செருப்பு இருந்தது. ஓடை மணல் நிறைந்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் அந்தியில் பின்கதவைச் சாத்துகிறாள், முன்கதவைத் திறக்கிறாள், விளக்கு வைத்து வாசலில் உட்கார்ந்து கதையை வாசிக்கிறாள். செலினாவுக்குச் சந்தோஷம். "இப்பதான்க்கா வீடு மாதிரி இருக்கு. யாருக்கு இந்த வாசிப்பு? நாங்களும் வரலாமா?" என்றாள். வர வேண்டாம் என்றாள் தங்கம்மா. பகலில் சமைத்து முடித்து, வெளிச்சம் இருக்கும்போதே அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுகிறாள். மூலையில் தட்டு வைப்பதில்லை. மணைக்கட்டை மட்டும் இழுபடுகிறது. காம்பராவை மாற்றித் தரச் சொல்லித் தோட்டத்துத் துரையிடம் கேட்கலாம். பிள்ளைக்கு இந்த வாசல்தான் தெரியும்.

கதை சின்னது. முடிவும் இல்லை. 'கோமளாம்பிகை எழுந்து தீப்பெட்டியைத் தேடினாள்' என்ற இடத்தில் சுகந்தினி நிறுத்தியிருந்தாள்.

மகளுடைய வருசத்துக்கு முந்தின நாள் அந்தியில் தங்கம்மா வழக்கம்போல் வாசித்துக்கொண்டிருந்தாள். போன் திரை மங்கியது. அதைத் தட்ட ஒரு நொடி நிறுத்தினாள்.

"விளக்கு, வீட்டுக்கு வரும் வழி மறந்தவர்களுக்கு," என்றது அடுப்படி.

அவள் குரலில். அவள் தடுக்குகிற இடத்தில் தடுக்கி.

இஸ்தோப்பில் வந்துகொண்டிருந்த நடை நின்றது. சுடர் நிமிர்ந்தது. படிக்குக் கீழே இருந்த செருப்பின் முனை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கொஞ்சம் பின்பக்கமாகத் திரும்பியது.

மறுபடி அவள் வாசித்தாள். அடுப்படியும் கூடவே வாசித்தது. கடைசி வரி வரைக்கும் ஒரு சொல் பிசகவில்லை. தங்கம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அதில் இனி ஒன்றும் இல்லை. பிள்ளை எழுதிய அத்தனையையும் அது கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிவிட்டது.

உதட்டை நனைத்துக்கொண்டாள். பால் வெட்டும் கையால் ஒரு கதை சொல்ல முடியுமா என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"தீப்பெட்டி நனைஞ்சு போயிருந்துச்சு," என்று தொடங்கினாள். "ஆனாலும் கோமளாம்பிகை விடல. அவளுக்கு ஒரு மக இருந்தா. சளி புடிச்ச மூக்கு. எந்நேரமும் சவர்க்காரம் போடுவா..."

சளக் என்று ஒரு அடி, வாசல் பக்கம்.

அடுப்படியில் மணைக்கட்டை இழுபட்டது. சுவருக்குக் கிட்டத்தில் வந்து நின்றது.

பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை. அது கேட்டுக்கொண்டிருந்தது.